இருவருக்கும் சேர்த்து ஜெபித்தவள்

சுவிசேஷமுத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தால் அடுப்பில் உலை பொங்கி, வடிந்து, நெருப்பே அணைந்துபோகும் என்று தாராவியில் ஒரு பேச்சு இருந்தது. பகலெல்லாம் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. ஞாயிறு சாயங்காலம் ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடத்தப் புறப்பட்டுவிடுவார். உலகம் உண்டான கதையில் தொடங்குவார். சண்டையில் இருக்கிற சிப்பாய்கள், கப்பலில் போகிறவர்கள், விதவைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் என்று ஒருவரையும் விடமாட்டார். கடைசியில் அந்த வரிசைக் குடிசைகளில் இருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆமென்.

அவர் மனைவி நேசம்மாளுக்கு முழங்கால் தாங்காது. ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். "ஏங்க, ஆண்டவருக்கு நம்மள விட்டா வேற சோலியே கிடையாதா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்பாள்.

"நீயும் ஒரு நாள் வாய்விட்டு ஜெபம் பண்ணித்தான் பாரேன்."

"எனக்கு அதெல்லாம் வராது. நான் மனசுக்குள்ள சொல்லிக்கிடுவேன். அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

இருவருக்கும் சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். கல்யாணமாகி மூன்றாம் மாதமே பம்பாய்க்கு வந்துவிட்டார்கள். ஒரே மகள் கனகமணி. நேசம்மாள் முறுக்குச் சுட்டு அக்கம்பக்கத்தில் விற்பாள். மூன்று பேருக்கும் குறையில்லாத வாழ்க்கைதான்.

நாற்பத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, சுவிசேஷமுத்து அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தார். வைத்துவிட்டு மகளோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். தோல் கருகுகிற நாற்றம் முதலில் நேசம்மாளுக்குத்தான் எட்டியது. ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம்.

"சுடலையா உங்களுக்கு?"

அவர் தன் கையையே வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "இல்லையே" என்றார்.

தோள்பட்டையில் வெளுத்த தேமல் ஒன்று இருந்தது இருவருக்கும் தெரியும். சுண்ணாம்பு பட்டது என்று நினைத்திருந்தார்கள். கிடங்கின் மேஸ்திரி ஷேக் பரீத்தான் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு இறகை எடுத்து அவர் கையில் தடவி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். பிறகு காது மடலைக் கிள்ளிப் பார்த்தார். குஷ்டம் என்று சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

மாட்டுங்காவைத் தாண்டி வடாலாப் பக்கம் அந்த நோய்க்காரர்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. உள்ளே போனால் எப்போது வெளியே வரலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போகிற அன்றைக்குச் சபையின் குருவானவர் மாசிலாமணி ஐயர் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை ஜெபிப்போம் என்றார். சுவிசேஷமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வாசலில் இறங்கும்போது மனைவியிடம் ஒன்றுதான் சொன்னார்: "பிள்ளைய எம் பக்கம் கூட்டிட்டு வராத."

விஷயம் பரவியதும் முறுக்கு விற்பது நின்றது. யாரும் கேவலமாக ஒன்றும் பேசவில்லை. "இன்னைக்கு வேண்டாம், நேசம்மா" என்றார்கள், தினமும். சபைக் கோயிலில் பாயில் உட்கார்ந்தால் பக்கத்திலிருந்தவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அடுத்த வீட்டுக்காரி, ஷேக் பரீத்தின் மனைவி ராபியா மட்டும் மாறவில்லை. மேலப்பாளையத்துக்காரி. அவள் வந்து, மீந்துபோன முறுக்கு டப்பாவைத் திறந்து, நின்ற வாக்கிலேயே நாலைந்தைக் கடித்துத் தின்றாள். "உப்பு கொஞ்சம் தூக்கல் மதினி" என்றாள். நேசம்மாள் அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதாள்.

ஷேக் பரீத் கிடங்கிலேயே ஆட்டுத்தோலில் மயிர் பறிக்கிற வேலை வாங்கிக் கொடுத்தார். நாற்றம் பிடித்த வேலைதான். ஆனால் அங்கே யாரும் யாரையும் விட்டுத் தள்ளி உட்காருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கனகமணியை ராபியாவிடம் விட்டுவிட்டு நேசம்மாள் நடப்பாள். ரயில் பாதையைக் கடந்து, மாட்டுங்காவின் அகலமான தெருக்கள் வழியாக, மல்லிகையும் காப்பியும் மணக்கிற வீடுகளைத் தாண்டி, ஆஸ்பத்திரி வேலிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டு வரிசைக் கம்பிவேலி. பார்க்க வருகிறவர்கள் வெளிக்கம்பிக்கு இந்தப் பக்கம், நோயாளிகள் உள்கம்பிக்கு அந்தப் பக்கம், நடுவில் நாலு முழம் வெறுந்தரை. கத்தித்தான் பேச வேண்டும். நாலைந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் கத்துவதால் பக்கத்துக்காரன் வீட்டு வழக்கும் நம் காதில் விழும்.

முதல் ஞாயிறு, பேச்செல்லாம் முடிந்ததும், "ஒரு ஜெபம் பண்ணுங்க, போறேன்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வாய் வரலைட்டி."

"வராம என்ன? ஊருக்கெல்லாம் பண்ணுனியளே, நமக்குப் பண்ணக்கூடாதா?"

"தொண்டைக்குள்ள வந்து நின்னுக்கிடுது. வேணும்னா நீ பண்ணு."

நேசம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் மராட்டிக்காரக் குடும்பம் ஒன்று. அந்தப் பக்கம் ஒரு கிழவர் மகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கு நடுவில் என்ன சொல்வது? ஆனால் ஜெபமில்லாமல் அவரை விட்டுப் போகவும் மனமில்லை. கண்ணை இறுக்கி மூடினாள்.

"ஆண்டவரே, நான் நேசம்மா பேசுதேன். சாத்தான்குளத்துக்கு மேக்க, தருமராசு மக. இப்பம் பம்பாய்ல தாராவியில இருக்கேன். கும்பாரவாடா பக்கம், மூணாவது சந்து."

உள்வேலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆனது. "விலாசமெல்லாம் அவருக்குத் தெரியும்ட்டி!"

"சும்மா இருங்க. எனக்கும் அவருக்கும் இதுதான் முதல் பேச்சு" என்று கண்ணைத் திறக்காமலே அதட்டிவிட்டு முடித்தாள். "இவுகளுக்கு நல்லாகணும். அவ்வளவுதான். ஆமென்."

அவர் ஆமென் சொல்லவில்லை. ஆனாலும் சிரித்தாரே, அது போதும் என்று வீடு வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் ஜெபித்தாள். அவர் மாதிரிச் செந்தமிழ் அவளுக்கு வரவில்லை. அரிசிக்கு வரிசையில் நின்றது, கனகமணிக்குத் தட்டம்மை போட்டு இறங்கியது, கூரை ஒழுகுவது எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்லுவாள். அவருக்குச் சொல்லுகிறாளா ஆண்டவருக்குச் சொல்லுகிறாளா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஆஸ்பத்திரியில், அந்த நோய்க்கு அப்போதிருந்த மருந்தான நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். போட்ட இடம் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் வலிக்கும். ஒரு வருஷம் போட்டும் நோய் குறையவில்லை. நாற்பத்திமூன்றாம் வருஷம் ஆவணி வாக்கில் காய்ச்சல் கண்டு, உடம்பெல்லாம் தடித்து, முகம் மாறிப்போனது. உள்ளங்காலில் ஆறாத புண். அதற்கு அடுத்த ஞாயிறு அவர் வேலிக்கு வரவில்லை. காவல்காரன் கங்காராம் உள்ளே போய்க் கேட்டு வந்து, "நஹி ஆயேகா" என்று கையை விரித்தான். வரமாட்டாராம்.

நேசம்மாள் வெறும் கம்பியைப் பார்த்து உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

ராபியா ஒரு நாள் கேட்டாள்: "அவுக வரமாட்டேங்காக, நீ ஏன் மதினி வெயில்ல அவ்வளவு தூரம் நடக்கே? இங்கன இருந்து துவா கேட்டா அல்லாவுக்குக் கேக்காதா?"

"அவருக்குக் கேக்கும்ளா. இவுகளுக்குக் கேக்கணும்லா?"

உள்ளே இருக்கிற புருஷன் கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது. கத்தித்தான் ஜெபித்தாள். கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆண்டவரே, நீரும் வாயத் திறக்கமாட்டேங்கீரு, அவுகளும் வாயத் திறக்கமாட்டேங்காக. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி தொண்டை வறண்டு கத்திக்கிட்டுக் கிடக்கேன். இது நியாயமா? கேக்க ஆளில்லைன்னுதானே?" என்று சொல்லி, ஆமென் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள். பாதி வழியில் மனசு கேட்கவில்லை. மாட்டுங்கா மார்க்கெட் முனையில் நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆமென் என்று முணுமுணுத்துவிட்டு நடந்தாள்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

நாற்பத்திநாலாம் வருஷம் ஏப்ரல் பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நேசம்மாள் கிடங்கில் தோலைப் பரப்பிக்கொண்டிருந்தபோது பூமி ஒரு தரம் தூக்கிப் போட்டது. பிறகு சத்தம். கூரைத் தகரம் கிடுகிடுத்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். தெற்கே துறைமுகத்துப் பக்கம் புகை மலைபோல எழும்பிக்கொண்டிருந்தது. "ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டான்" என்று யாரோ கத்தினார்கள். துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நேசம்மாள் வீட்டுக்கு ஓடினாள். ராபியா கனகமணியை இடுப்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நேசம்மாளின் பார்வை தெற்கே, ஆஸ்பத்திரித் திசையில் போவதைப் பார்த்தாள். "நீ போ மதினி. பிள்ள எங்கூடத்தான் இருப்பா. போய்ட்டு வா" என்றாள்.

எல்லாரும் வடக்கே ஓடிவர, நேசம்மாள் அவர்களுக்கு எதிராக ஓடினாள். மாட்டுங்காவில் இருக்கும்போது இரண்டாவது வெடி. முதலாவதைவிடப் பெரியது. தலைக்கு மேல் வீட்டு ஜன்னல்களில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது. ஜெபம் என்று ஒன்றும் வரவில்லை. "இயேசுவே, இயேசுவே" என்று மூச்சு விடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே ஓடினாள்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. பார்க்க வருகிற நாள் இல்லை. கங்காராம் தடுக்கவும் இல்லை. அவனே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு வாய்பிளந்து நின்றான்.

உள்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தார். காலில் கட்டு அவிழ்ந்து மண்ணில் இழுபட்டது. புருவம் இல்லை. காது மடல் தடித்துத் தொங்கியது. மூக்கு அகன்றிருந்தது. அவள் தெரு முனையில் திரும்பும்போதே அவர் கத்த ஆரம்பித்துவிட்டார். குரலில்தான் அடையாளம் தெரிந்தது.

"பிள்ள எங்கட்டி? பிள்ள எங்க?"

"ராபியாகிட்ட இருக்கா. நல்லா இருக்கா. ஒண்ணும் இல்ல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகுதான் அவருக்குத் தன் முகம் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. துண்டால் மூடிக்கொண்டார்.

"பாக்காதட்டி."

"எட்டு மாசமா வெறுங்கம்பியப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். அதுக்கு இது எவ்வளவோ தேவலை. துண்ட எடுங்க."

அவர் எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "அந்தத் தண்ணித் தொட்டி இருக்குல்லா, அதுக்குப் பின்னாலதான் உக்காந்திருப்பேன், ஞாயித்துக்கிழமையெல்லாம். ஒண்ணு விடாமக் கேட்டிருக்கேன். கூரைக்குத் தகரம் போட்டாச்சா?"

நேசம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "போட்டாச்சு. பரீத் பாய் ஆள் வச்சுப் போட்டாரு. அத நான் ஜெபத்துல சொல்ல மறந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் நான் உங்களையும் அவரையும் சேத்து ஏசுனதையும் கேட்டியளா?" என்றாள்.

"கேட்டேன். நீ ஆமென் சொல்லாமப் போயிட்ட. எனக்கு அன்னைக்குப் பூரா ஒரு மாதிரியா இருந்துது."

துறைமுகத்துப் புகை பாதி வானத்தை மறைத்தது. சாம்பல் பறந்து வந்து இருவர் தலையிலும் விழுந்தது. நேசம்மாள் கண்ணை மூடி, செத்தவர்களுக்காக, தீயில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, பேர் தெரியாத எல்லாருக்காகவும் ஜெபித்தாள். இப்படி நீளமாக அவள் ஜெபித்ததே இல்லை. முடிக்கிற இடத்தில் உள்வேலியிலிருந்து, தொண்டை கரகரக்க, "ஆமென்" என்று ஒரு குரல் வந்தது. கண்ணைத் திறந்தபோது துண்டு அவர் மடியில் கிடந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. இன்னும் ஐந்து வருஷம் அவர் அங்கேதான் இருந்தார். இடது கையில் இரண்டு விரல் மடங்கிப்போயின. ஒரு கண்ணில் பார்வை மங்கியது. சில ஞாயிறு சிரித்துப் பேசுவார். சில ஞாயிறு ஒரு வார்த்தையும் வராது. ஆனால் வேலிக்கு வராமல் இருந்ததில்லை. அவள் ஜெபத்துக்கு ஆமென் சொல்லாமல் இருந்ததும் இல்லை. நாற்பத்தேழில் சுதந்திரம் வந்த வாரம் அவள் சொன்னாள்: "ஆண்டவரே, நாட்டையே விட்டுட்டுப் போயிட்டான் வெள்ளைக்காரன். இவுகள விடுததுக்கு உமக்கு என்ன?"

மறுவருஷம் புதிதாக ஒரு மருந்து வந்தது. எண்ணெய் ஊசி மாதிரி வலியில்லை. முதலில் சிலருக்குத்தான் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் சுவிசேஷமுத்துவின் முறை வந்தது. தடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கால் புண் மூடியது. நாற்பத்தொன்பதாம் வருஷம் டாக்டர் மூன்று தடவை பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இனி இவரால் யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்குப் போகலாம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மடங்கிய விரல் நிமிராது, செத்த உணர்ச்சி திரும்பாது. தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்த்து, முள்ளோ ஆணியோ ஏறியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கனகமணிக்கு இப்போது பதின்மூன்று வயது. அப்பா முகமே அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. அவர் வந்து இறங்கிய அன்று ராபியாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இரண்டு நாள் கிட்டே வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்து முன்னால் உட்கார்ந்து, பாதித் தமிழும் பாதி இந்தியுமாக, "பாவ் தாங்க... கால், கால காட்டுங்க" என்றாள். கழுவித் துடைத்து, விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு, விரலிடுக்கெல்லாம் பார்த்தாள். நேசம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, எரிகிற நெருப்பைத் தேவையில்லாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

சபைதான் சங்கடப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நாள். ரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிற வழக்கம். மாசிலாமணி ஐயர் நல்ல மனுஷர். வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கி, "நற்கருணைய நான் இங்கேயே கொண்டுவந்து கொடுக்கிறேனே, அம்மா. ஜனங்க பயப்படுறாங்க" என்றார்.

சுவிசேஷமுத்து உடனே, "அதுவும் சரிதான் ஐயரே" என்றார்.

"சரியில்ல" என்றாள் நேசம்மாள். "வீட்டுக்குக் கொண்டுவந்தா சீக்காளிக்குக் கொடுக்கதுல்லா அது? இவுகளுக்குச் சீக்கு போயிட்டுன்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு. ஏழு வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது போதும் ஐயரே. இன்னொரு வேலி வேண்டாம்."

ஐயர் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, "வாங்க" என்றார்.

அங்கே ஆண்கள் முதலில் போய் முழங்காலிடுவார்கள், பெண்கள் பிறகு. அந்த ஞாயிறு சுவிசேஷமுத்து ஆண்களில் கடைசி ஆளாகப் போனார். மடங்கிய கையை நல்ல கையால் தாங்கிக்கொண்டு அப்பத்தை வாங்கினார். பாத்திரத்தை ஐயர் நடுங்காமல் அவர் உதட்டில் வைத்தார்.

அடுத்து பெண்கள். நேசம்மாள் எழுந்து தனியாக நடந்துபோய், அவர் எழுந்த இடத்திலேயே முழங்காலிட்டாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவர் வாய் பட்ட பக்கத்திலேயே குடித்தாள். பின்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் பாய் சரசரத்தது. பிரசவம் பார்க்கிற தங்கத்தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "எத்தனை ரத்தத்துல கைய வச்சிருக்கேன், இதுக்கா பயந்துக்கிடுவேன்" என்று முணுமுணுத்தது மூன்றாம் வரிசை வரைக்கும் கேட்டது. அவளுக்குப் பின்னால் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்தாள். அவ்வளவுதான். மற்றவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வழக்கப்படி, பாத்திரத்தில் மீந்ததை ஐயர் ஒரு சொட்டு விடாமல் தானே குடித்தார். மறுமாதம் ஒன்பது பெண்கள் வந்தார்கள். சிலர் அந்த வருஷம் முழுவதும் வரவில்லை.

கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது சுவிசேஷமுத்து மெதுவாகத்தான் நடந்தார். கனகமணி முன்னால் போய், வழியில் கிடந்த ஆணி, கண்ணாடித் துண்டையெல்லாம் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"ஏட்டி" என்றார் அவர். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். ஊருக்கெல்லாம் ஜெபிச்ச எனக்கே விட்டுப்போச்சு. நீ எப்படி விடாம இருந்த?"

நேசம்மாள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "நானும் விட்டுப் பாத்தேன். நீங்க வேலிக்கு வராம இருந்தியளே, அப்பம். இனிமே உம்மகூடப் பேச்சே கிடையாதுன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள் இருந்தேன்."

"பெறகு?"

"மூணாம் நாள் தோல்ல மயிர் பறிக்கையில விரல்ல கத்தி பட்டுட்டு. 'ஐயோ ஆண்டவரே'ன்னுட்டேன். அப்பறம் என்ன செய்ய? பேசியாச்சுல்லா."

அவர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். முன்னால் போன மகள் திரும்பி, என்ன என்பதுபோலப் பார்த்தாள். ராபியா வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும் என்று நேசம்மாள் அவசரப்படுத்தினாள். சாக்கடைக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை ஆடியது. அவள் தோளை நீட்டினாள். மடங்கிய கையை அதில் ஊன்றிக்கொண்டு அவர் கடந்தார்.